கையில் அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா?

தேர்தல் நெருங்கினால் அந்த வாட்ஸ்அப் செய்தி தவறாமல் வந்துவிடும். "பட்டியலில் பெயர் இல்லையா? கவலை வேண்டாம். ஆதாரைக் காட்டி 49-ஏ பிரிவின் கீழ் சேலஞ்ச் ஓட்டு கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டார்களா? டெண்டர் ஓட்டு போடுங்கள். ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கும். அனைவருக்கும் பகிரவும்."

இதில் மூன்று தகவல்கள் இருக்கின்றன. நடுவில் உள்ளது உண்மை. முன்னாலும் பின்னாலும் உள்ளவை பொய். அந்த ஓர் உண்மையின் தயவில்தான் மற்ற இரண்டும் இத்தனை தேர்தல்களைத் தாண்டி உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஏ என்ற விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வாக்குப்பதிவு இயந்திரம் எப்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லும் விதி. ஆதாருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தச் செய்தியை நம்பி சாவடிக்கு வருபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். நான் ஆசிரியர். தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். ஒரு சாவடியில் ஓர் அம்மா, லேமினேஷன் செய்த வாக்காளர் அட்டையை மஞ்சப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. "அட்டை இருக்கே சார், கவர்மென்ட் குடுத்ததுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அட்டைக்கும் ஓட்டுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அதைத்தான் இங்கே முதலில் பார்க்கப் போகிறோம்.

## ஓட்டு எங்கே இருக்கிறது?

ரயிலில் முன்பதிவுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டிடிஇ வருகிறார். உங்களிடம் அடையாள அட்டை கேட்கிறார். அதை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே எதைப் பார்க்கிறார்? கையில் இருக்கும் சார்ட்டை. சார்ட்டில் உங்கள் பெயர் இருந்தால்தான் பெர்த். பெயர் இல்லாதபோது ஆதார், பான், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றையும் வரிசையாக நீட்டினாலும் பெர்த் கிடைக்காது. அந்த அட்டைகள் "நான் இன்னார்" என்று காட்டும். "எனக்கு இங்கே இடம் இருக்கிறது" என்று காட்டுவது சார்ட் மட்டும்தான்.

வாக்காளர் பட்டியல்தான் அந்த சார்ட். ஒரு தொகுதியில் ஓட்டுப் போடத் தகுதியானவர்களின் பெயர், வயது, உறவினர் பெயர், வீட்டு எண், படம் ஆகியவற்றோடு தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் பதிவேடு அது. பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓட்டுப் போடலாம் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு சொல்கிறது. அட்டையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. படத்துடன் கூடிய வாக்காளர் அட்டை 1993-இல்தான் வந்தது. அதற்கு முன்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அட்டை இல்லாமலேயே பத்துப் பொதுத்தேர்தல்கள் நடந்து முடிந்திருக்கின்றன.

இதன் மறுபக்கமும் அதே அளவுக்கு உண்மை. பட்டியலில் பெயர் இருந்து, வாக்காளர் அட்டை தொலைந்துபோயிருந்தால் ஓட்டுப் போடலாம். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், அரசு ஊழியர் அடையாள அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று ஆணையம் மாற்று ஆவணங்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. ரேஷன் கார்டு அதில் இல்லை. வீட்டுக்கு வந்து கொடுக்கப்படும் பூத் சிலிப்பும் 2019 முதல் அடையாள ஆவணமாக ஏற்கப்படுவதில்லை. எந்தச் சாவடி, எந்தப் பாகம், எத்தனையாவது வரிசை எண் என்று தெரிந்துகொள்ளத்தான் அது உதவும்.

சுருக்கமாக: உரிமை பட்டியலில் இருக்கிறது. அட்டை ஆளை அடையாளம் காட்டுகிறது. இந்த ஒன்று புரிந்தால் மீதிக் குழப்பங்களில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

## பட்டியலில் யார் சேரலாம்?

மூன்று கேள்விகள். இந்தியக் குடிமகனா? 18 வயது ஆகிவிட்டதா? அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிப்பவரா?

குடியுரிமைக் கேள்வியில் பெரும்பாலானோருக்குக் குழப்பம் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவருக்கு, ஊரில் வீடும் நிலமும் இருந்தாலும் ஓட்டு இல்லை. அவ்வளவுதான்.

வயதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1989-க்கு முன்பு வாக்களிக்கும் வயது 21. அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தம் அதை 18 ஆக்கியது. ஆனால் 18 எந்த நாளில் நிறைந்திருக்க வேண்டும்? அதற்கென்று ஒரு தகுதி நாள் வைத்திருக்கிறார்கள். வயதைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் தேதிதான் தகுதி நாள். வெகு காலம் அது ஜனவரி 1 மட்டுமாகவே இருந்தது. ஜனவரி 2-ஆம் தேதி பிறந்த பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள். மே மாதம் 18 நிறைகிறவருக்கு ஜூலை 1 கணக்கு. 17 வயது முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். தகுதி நாள் வந்ததும் பரிசீலித்துச் சேர்ப்பார்கள்.

மூன்றாவது கேள்வியில்தான் நம் ஊர் வழக்கமும் சட்டமும் முட்டிக்கொள்கின்றன.

பதினைந்து வருஷமாகச் சென்னையில் குடியிருப்பார். பிள்ளைகள் படிப்பது அங்கே, கேஸ் இணைப்பு அங்கே, ரேஷன் கார்டு அங்கே. "ஓட்டு மட்டும் ஊர்ல இருக்கு" என்பார். வாக்குப்பதிவுக்கு முதல் நாள் கிளாம்பாக்கத்தில் சிறப்புப் பேருந்துகளுக்காக முண்டியடிக்கும் கூட்டத்தில் பாதிப் பேரின் கதை இதுதான். இதில் ஊர்ப்பாசம் இருக்கிறது, குலசாமி இருக்கிறது, உள்ளூர் அரசியலில் தன் பேச்சு எடுபட வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. எனக்கு அதெல்லாம் புரிகிறது. ஆனால் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தற்காலிகமாக வெளியூர் போனவர் அந்தக் காரணத்தாலேயே தன் ஊரின் உரிமையை இழக்க மாட்டார். ஆறு மாத ஒப்பந்த வேலைக்குத் திருப்பூர் போனவருக்கு ஊரில் ஓட்டு இருப்பது சரி. குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வருஷங்கள் ஆனவருக்கு, குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு.

"வாடகை வீட்டில் இருக்கேன், எனக்கு எப்படி?" என்று கேட்பவர்கள் நிறைய. சொந்த வீடா வாடகை வீடா என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையே இல்லை. இத்தனை மாதம் குடியிருந்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கையும் சட்டத்தில் கிடையாது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், விடுதி முகவரி அல்லது பெற்றோர் வீட்டு முகவரி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். விடுதி என்றால் கல்லூரியில் போனஃபைட் சான்று வாங்கித் தர வேண்டும்.

வீடே இல்லாதவருக்கு? அவருக்கும் ஓட்டு உண்டு. முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் அவர் குறிப்பிட்ட இடத்துக்கு, அது நடைமேடையாக இருந்தாலும் மேம்பாலத்தின் அடியாக இருந்தாலும், அலுவலர் இரவில் போய் அவர் உண்மையிலேயே அங்கேதான் படுத்துத் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். தேர்தல் நடைமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. எல்லா இடத்திலும் இதன்படி நடக்கிறதா என்பது தனிக் கேள்வி.

நீதிமன்றத்தால் மனநலம் குன்றியவர் என்று அறிவிக்கப்பட்டவர்களையும், தேர்தல் முறைகேட்டுக்காகத் தகுதி நீக்கப்பட்டவர்களையும் பட்டியலில் சேர்க்க முடியாது. வழக்கு இருப்பதால் மட்டும் ஒருவருக்கு ஓட்டு போய்விடாது. தடுப்புக் காவலில் இருப்பவரைத் தவிர, சிறைக்குள் இருக்கும்போது ஓட்டுப் போட முடியாது. ஜாமீனில் வெளியே இருப்பவர் போடலாம்.

## எந்தப் படிவம், யாரிடம்?

பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு வாக்காளர் பதிவு அலுவலருடையது. கோட்டாட்சியர் அளவிலான ஓர் அதிகாரி தொகுதிக்கு ஒருவராக இந்தப் பொறுப்பில் இருப்பார். தாசில்தார் உதவிப் பதிவு அலுவலராக இருப்பார். நமக்கு நேரில் தெரிய வேண்டிய ஆள் இவர்களுக்குக் கீழே இருக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர். பிஎல்ஓ என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு சாவடிக்கு உட்பட்ட தெருக்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியர் அவர். அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ கிராம நிர்வாக அலுவலகத்தைச் சேர்ந்தவராகவோ இருப்பார். தன் சொந்த வேலையோடு இதையும் சேர்த்துச் செய்கிறார்.

படிவங்களில் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. முதல் முறையாகப் பெயர் சேர்க்க 6. ஒரு பெயரை நீக்கச் சொல்லவோ, ஒருவரைச் சேர்ப்பதற்கு ஆட்சேபம் சொல்லவோ 7. வீடு மாறினாலும், பெயர், வயது, படம் ஆகியவற்றில் பிழை திருத்த வேண்டுமானாலும், அட்டை தொலைந்து புதியது வேண்டுமானாலும் 8.

இந்த 6, 8 குழப்பம்தான் ஊரில் நடக்கும் பாதி வில்லங்கத்துக்குக் காரணம். மதுரையில் பட்டியலில் இருப்பவர் கோவைக்குக் குடிபோகிறார். அங்கே கணினி மையத்தில் "புது ஓட்டர் ஐடி போடணும்" என்று கேட்கிறார். மையக்காரர் படிவம் 6-ஐத் தட்டிவிடுகிறார். இப்போது இவருக்கு இரண்டு ஊரில் பெயர். இவர் மனசில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் இரண்டு தொகுதிகளில் பதிவு செய்துகொள்ளக் கூடாது, ஒரே தொகுதியில் இரண்டு முறையும் கூடாது என்று சட்டம் சொல்கிறது. படிவத்தின் அடியில் "வேறெங்கும் என் பெயர் இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார் அல்லவா, அது பொய்யான உறுதிமொழி ஆகிவிடுகிறது. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதே 1950 சட்டத்தின் 31-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. படிவம் 8 கொடுத்திருந்தால் பழைய இடத்துப் பதிவு நீங்கி, அதே அட்டை எண்ணோடு புது இடத்துக்கு வந்திருக்கும்.

விண்ணப்பத்தைத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ கொடுக்கலாம். காகிதத்தில் எழுதி பிஎல்ஓ கையிலும் கொடுக்கலாம், தாலுகா அலுவலகத்திலும் கொடுக்கலாம். திருத்த முகாம் நடக்கும் சனி, ஞாயிறுகளில் உங்கள் சாவடி இருக்கும் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். படிவம் 6-க்கு ஒரு படம், வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று வேண்டும். சந்தேகம் வந்தால் 1950 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம்.

## விண்ணப்பித்த பிறகு என்ன நடக்கிறது?

விண்ணப்பம் போட்டவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். குறிப்பு எண் வருவது ஒப்புகை மட்டுமே, பெயர் சேர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. பிஎல்ஓ வீட்டுக்கு வந்து பார்ப்பார். யார் யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பது பொதுவில் வைக்கப்படும். யாராவது ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் அவகாசம் உண்டு. அப்புறம்தான் பதிவு அலுவலர் முடிவெடுப்பார். மறுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரிப்படாவிட்டால் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

இதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது, அது வாக்குப்பதிவு நாளுக்கு ரொம்பவும் முன்னாலேயே வந்துவிடும். வேட்புமனு தாக்கல் முடியும் நாளுக்குப் பிறகு, தேர்தல் முடியும்வரை பட்டியலில் யாரையும் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் மார்ச் 27. அந்த ஏழு நாள் அவகாசத்தையும் கழித்துப் பாருங்கள். மார்ச் நடுவிலேயே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏப்ரலில் பிரசாரம் சூடு பிடித்த பிறகு "நம்ம பேர் இருக்கான்னு பாப்போமே" என்று தேடியவர் எவ்வளவு பெரிய ஆளைப் பிடித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

இன்னொன்று. பட்டியல் ஒருமுறை எழுதி முடித்துவிடும் விஷயம் இல்லை. வழக்கமாக ஆண்டுதோறும் சுருக்கமுறைத் திருத்தம் நடக்கும். இருக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு சேர்ப்பது, நீக்குவது மட்டும் செய்வார்கள். அபூர்வமாக வீடுவீடாகப் போய்ப் பட்டியலை அடியிலிருந்து எழுதும் தீவிரத் திருத்தம் வரும். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 முதல் நடந்தது அப்படிப்பட்ட சிறப்புத் தீவிரத் திருத்தம்தான். பிஎல்ஓக்கள் பெயர் அச்சிட்ட கணக்கீட்டுப் படிவங்களோடு வீட்டுக்கு வந்தார்கள். அதை நிரப்பித் தந்தவர்கள் பெயர் வரைவுப் பட்டியலில் வந்தது. ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு நகரத்தில் குடியிருந்தவர்களுக்கு அப்போதுதான் அந்த "வழக்கமாக வசிப்பவர்" என்ற சொல்லின் கனம் தெரிந்தது. அந்தத் திருத்தம் தேவையா, அவசரமா என்பது அரசியல் களத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் வாதிடப்பட்ட விஷயம். ஒரு வாக்காளராக நமக்கு அதில் உள்ள செய்தி எளிது: போன தேர்தலில் ஓட்டுப் போட்டேன் என்பது, இந்தத் தேர்தலிலும் பெயர் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

## சாவடிக்குள் நடப்பது

வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாவடியில் வேலை ஆரம்பித்துவிடும். கட்சி முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். யாருக்குப் போட்டது யாருக்கு விழுந்திருக்கிறது என்று எண்ணிக் காட்டி, இயந்திரத்தை அழித்துப் பூஜ்யமாக்கி, சீல் வைத்த பிறகுதான் முதல் வாக்காளர் உள்ளே வர முடியும்.

நீங்கள் உள்ளே நுழைந்ததும் முதல் அலுவலர் ஆவணத்தைப் பார்த்து, உங்கள் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். சும்மா கத்துவதாக நினைக்க வேண்டாம். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்ட்கள் தங்கள் கையில் உள்ள பட்டியலில் டிக் அடிப்பதற்காகத்தான் அது. அந்த ஆள் நீங்கள் இல்லை என்று அவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதுதான் சேலஞ்ச் ஓட்டு. வாட்ஸ்அப்பில் சொல்வதற்கு நேர் எதிர்! நீங்கள் போய்க் கேட்டு வாங்கும் ஓட்டு இல்லை அது, உங்களைப் பார்த்து இன்னொருவர் கேட்கும் கேள்வி. தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். நீங்கள் நீங்கள்தான் என்று தெரிந்தால் ஓட்டுப் போடலாம். ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் போலீஸ்.

இரண்டாவது அலுவலர் இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மைசூரில் கர்நாடக அரசு நிறுவனம் ஒன்று தயாரிக்கும் இந்த மை 1962 தேர்தலிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதில் உள்ள வெள்ளி நைட்ரேட் தோலோடு வினைபுரிந்து கறையாகிவிடும் என்பதால் சோப்புக்கு அசையாது, நகம் வளர்ந்துதான் போக வேண்டும். அவரே பதிவேட்டில் உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு தருவார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, தன் மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்துவார். அவர் அழுத்தினால்தான் மறைப்புக்குள் இருக்கும் வாக்களிக்கும் கருவி ஒரே ஓர் ஓட்டுக்குத் தயாராகும். நீங்கள் உள்ளே எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றுதான் பதிவாகும்.

மறைப்புக்குள் போகிறீர்கள். வேட்பாளர் பெயர், படம், சின்னம், பக்கத்தில் நீலப் பொத்தான். அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். அதுதான் விவிபாட், நீங்கள் போட்ட ஓட்டைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் கருவி. கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னத்தோடு ஒரு சீட்டு ஏழு விநாடி தெரியும். பிறகு அது துண்டிக்கப்பட்டு உள்ளே விழும். சீட்டை வெளியே எடுத்துக்கொண்டு போக முடியாது. நீளமான பீப் சத்தம் கேட்டால் ஓட்டுப் பதிவாகிவிட்டது. அந்த ஏழு விநாடியும் நின்று பாருங்கள். பலர் அதற்குள் வெளியே ஓடி வந்து விரலைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

அழுத்தியது ஒன்று, சீட்டில் வந்தது வேறொன்று என்றால்? உடனே தலைமை அலுவலரிடம் சொல்லலாம். எழுத்துமூலம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள். நீங்கள் சொன்னது உண்மையானால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிறுத்தப்படும். பொய்யானால் வழக்கு வரும்.

மாலை ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடியும் என்றால், ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று அர்த்தம் இல்லை. அந்த நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் டோக்கன் கொடுப்பார்கள். வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கி வருவார்கள். யாரும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள முடியாது. டோக்கன் வாங்கியவர் எட்டு மணி ஆனாலும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போவார்.

## 49-பி, 49-ஓ, நோட்டா

2018-இல் வெளியான ஒரு தமிழ்ப் படத்துக்குப் பிறகு 49-பி (ஆங்கிலத்தில் 49P) என்ற விதி டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நல்லதுதான். உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தால், நீங்கள்தான் உண்மையான ஆள் என்று தலைமை அலுவலரின் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால், உங்களுக்கு டெண்டர் ஓட்டு கிடைக்கும். இயந்திரத்தில் இல்லை. காகித வாக்குச்சீட்டில் முத்திரை குத்தி, அதைத் தனி உறையில் வைப்பார்கள்.

இதற்கு மேல் உள்ளதைத்தான் யாரும் சொல்வதில்லை. அந்த உறையை வாக்கு எண்ணிக்கை நாளில் பிரிக்க மாட்டார்கள். யாராவது தேர்தல் வழக்குப் போட்டு, வெற்றி வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து, நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் அது கணக்கில் வரும். அப்படிப்பட்ட வித்தியாசங்கள் வரத்தான் செய்கின்றன. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஓர் ஓட்டில் தோற்றார். ஆனால் 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை. இயந்திரம் சேதமாவது, சாவடி கைப்பற்றப்படுவது போன்ற காரணங்களுக்காக ஆணையம்தான் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிடும்.

49-ஓ வேறு. சாவடிக்கு வந்து, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டு, "நான் யாருக்கும் போட விரும்பவில்லை" என்று சொல்வதற்கான விதி. அதை அலுவலர் எழுதிக்கொள்வார், நீங்கள் கையெழுத்திட வேண்டும். முகவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரகசியம் போய்விடுகிறது அல்லவா? அதனால்தான் 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கும் ஒரு பொத்தான் வைக்கச் சொன்னது. நோட்டா அப்படித்தான் பிறந்தது.

நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தால் மறுதேர்தல் என்று நம்புபவர்கள் ஏராளம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அப்படி இல்லை. நோட்டா முதலிடத்தில் வந்தாலும் அடுத்து இருக்கும் வேட்பாளர் வென்றதாகவே அறிவிக்கப்படுவார். டெபாசிட் கணக்கிடும்போதும் நோட்டாவைச் செல்லுபடியாகும் ஓட்டாக எடுத்துக்கொள்வதில்லை. என் கருத்தைக் கேட்டால், நோட்டா ரகசியமாக முகம் சுளிக்கக் கிடைத்த வசதி. அதற்கு மேல் அதனிடம் சக்தி இல்லை.

சுருக்கமாக: சேலஞ்ச் என்பது உங்கள்மேல் வரும் ஆட்சேபம். டெண்டர் என்பது உங்கள் ஓட்டை இன்னொருவர் போட்டிருந்தால் கிடைக்கும் காகித ஓட்டு. இரண்டுக்குமே பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவரை உள்ளே விடும் விதி எதுவும் இல்லை.

## சாவடிக்கு வர முடியாதவர்கள்

தபால் ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. ராணுவத்தில் இருப்பவர்கள், தேர்தல் பணியில் இருப்பவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள், ஆணையம் அறிவிக்கும் சில அத்தியாவசியப் பணியாளர்கள் ஆகியோருக்கு உண்டு. இவர்களோடு 85 வயதைக் கடந்தவர்களுக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடும் வசதி இருக்கிறது. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் 12-டி படிவம் கொடுக்க வேண்டும். கட்டாயம் இல்லை, விருப்பம்தான். குழு ஒன்று வீட்டுக்கு வரும், மறைப்பு வைக்கும், நடப்பதை வீடியோ எடுக்கும். ஆனால் யாருக்குப் போடுகிறார் என்பது வீடியோவில் வரக் கூடாது. இதைத் தேர்ந்தெடுத்த தாத்தா, பின்பு மனசு மாறி சாவடிக்குப் போனால் அங்கே போட முடியாது.

தபால் ஓட்டு அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் ராதாபுரத்தை நினைத்துக்கொள்ளலாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது 49 ஓட்டு வித்தியாசத்தில். செல்லாது என்று ஒதுக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகள் பற்றிய வழக்கில் 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. தலைமை ஆசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா செல்லாதா என்பதுதான் அங்கே சண்டை. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்களே, சான்றொப்பப் பக்கத்தைக் கவனமாக நிரப்புங்கள்.

பெங்களூரில் ஐ.டி. வேலை பார்ப்பவருக்குத் தபால் ஓட்டு இல்லை. சம்பளத்துடன் விடுப்பு உண்டு, வந்து போட வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பவர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்கு உரிய தொகுதியில் 6-ஏ படிவம் கொடுத்துப் பதிவு செய்யலாம். வாக்காளர் அட்டை தர மாட்டார்கள். வாக்குப்பதிவு நாளில் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும். இணையம் வழியாக ஓட்டுப் போடும் வசதி வந்துவிட்டதாக வரும் சுட்டிகளைத் திறக்க வேண்டாம். அப்படி ஒன்று இல்லை.

## உள்ளாட்சித் தேர்தல் வேறு கணக்கு

இதுவரை சொன்னவை சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் பொருந்தும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை, மாநிலத் தேர்தல் ஆணையம். அது தனி அமைப்பு. பட்டியலின் அடிப்படை மட்டும் அதே சட்டமன்றப் பட்டியல்தான், அதை வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆகவே சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு உள்ளாட்சியிலும் சிக்கல்தான். சாவடி மட்டும் மாறலாம். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் இயந்திரம் இருந்தது, விவிபாட்டும் இல்லை, நோட்டாவும் இல்லை. கிராமத்தில் இன்னமும் காகித வாக்குச்சீட்டுதான். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று ஒரே ஆளுக்கு நான்கு நிறத்தில் நான்கு சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை குத்த வேண்டும். சின்னத்துக்குள் மை தெளிவாக விழ வேண்டும், மடிக்கும்போது எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கையும் பெட்டியில் போட்ட பிறகுதான் சாவடியை விட்டுக் கிளம்பலாம்.